ரத்தக்காட்டேரியா, ஓநாய் மனிதனா: ஓசூர் மேசையிலிருந்து ஓர் ஒப்பீடு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டங்கள் உண்டு. அதில் அரக்கர்களை அடித்துப் புதையல் சேர்க்கிற ஆட்டம் எந்த மேசையிலும் ஒருநாள் அலுத்துப் போகும். அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "எத்தனை நாளைக்குப் பேயை அடிக்கிறது? நாமளே பேயா ஆடினா என்ன?" கேட்டதும் மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் வாம்பயர் கட்சி, இன்னொரு பக்கம் வேர்வுல்ஃப் கட்சி. ஓசூரில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் மேசையில், கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவனாக, இரண்டையும் நடத்தியிருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் புதியவர்கள் என்றால் ஓநாய். மாதக்கணக்கில் தவறாமல் வரக்கூடிய, பொறுமையுள்ள நாலு பேர் கிடைத்தால் வாம்பயர்.

இரண்டில் எது பலசாலி என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அது வீண் வேலை. வாம்பயர் பசியை வைத்து ஆடும் ஆட்டம்; வேர்வுல்ஃப் கோபத்தை வைத்து ஆடும் ஆட்டம். உங்கள் ஆட்களுக்கு எது கைவரும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் டி அண்ட் டி-யை, அதாவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை, முடித்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் எல்லோர் கையிலும் இருப்பது அந்தப் புத்தகம்தான். அதில் இரண்டுமே எதிரிகளாக இருக்கத்தான் லாயக்கு. 2014 பதிப்பில் ஓநாய் மனிதனின் சவால் அளவு (எதிரி எவ்வளவு பலசாலி என்பதைக் காட்டும் எண்) 3, வாம்பயருடையது 13. முதல் நிலை வீரனுக்கு ஓநாய்க்கடி பட்டுவிட்டால், வெள்ளியோ மந்திரமோ இல்லாத எந்த ஆயுதமும் அவனைத் தொடாது. மற்றவர்கள் அடிபட்டுச் சாக, இவன் மட்டும் தேர் மாதிரி நிற்பான். மேசையில் சண்டை வர இது போதும். வாம்பயரை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பொழுதுபோக்கு பிறந்தபோதே தெரிந்துபோன சங்கதி. டி அண்ட் டி 1974-இல் அச்சாவதற்கு முன்பே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபேங் என்றொரு பாத்திரம் வாம்பயராகிவிட்டது. அதை அடக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்காக வந்ததுதான் க்ளெரிக் என்ற பூசாரிப் பாத்திர வகுப்பு என்கிறார்கள். இன்றும் கோயில் மணி அடித்துக்கொண்டு கூட வரும் அந்த வகுப்பு ஒரு வாம்பயர் ஆட்டக்காரரின் அட்டகாசத்தால் உண்டானது. ஆசைக்குக் கொஞ்சம் போதும் என்பவர்களுக்கு 2021-இல் வந்த டாம்பிர் இருக்கிறது, எபெரான் என்ற டி அண்ட் டி உலகத்தின் ஷிஃப்டர் இருக்கிறது. இரண்டும் பாதிப் பேய்கள். பல மேசைகளுக்கு அந்தப் பாதியே போதும்.

முழுப் பேய் வேண்டுமென்றால் போட்டி இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில்தான்: 'வாம்பயர்: தி மாஸ்கரேட்', 'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்'. முன்னது 1991, பின்னது 1992. இரண்டையும் வெளியிட்டது வொயிட் வுல்ஃப். இப்போதைய ஐந்தாம் பதிப்புகள் 2018-இலும் 2023-இலும் வந்தன. இரண்டிலும் பத்துமுகப் பகடைதான். பாத்திரத்தின் இயல்பையும் திறமையையும் கூட்டினால் எத்தனை வருகிறதோ அத்தனை பகடை. 6-ம் அதற்கு மேலும் விழுந்தால் வெற்றி. ஒன்றைக் கற்றுக்கொண்டவருக்கு மற்றதன் விதிகள் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

வித்தியாசம் சிவப்புப் பகடையில் இருக்கிறது. வாம்பயரின் பசி 0 முதல் 5 வரை ஓர் எண். பசி எவ்வளவோ, அவ்வளவு சாதாரணப் பகடைகளை எடுத்துவிட்டுச் சிவப்பை வைக்க வேண்டும். இரண்டு பத்து விழுந்தால் அமோக வெற்றி. ஆனால் அதில் ஒன்று சிவப்பாக இருந்தால் வெற்றியை உங்களுக்குப் பதில் உள்ளே இருக்கும் மிருகம் தன் வழியில் வாங்கித் தரும். தோற்றுப்போன வீச்சில் சிவப்பில் 1 வந்தாலோ கேட்கவே வேண்டாம்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொன்னால் புரியும். தொப்பூர் கணவாய், விடியப் போகிறது. வாம்பயருக்குப் பசி மூன்று. சாலையோரம் நின்ற லாரி டிரைவரிடம் பேசி சேலம் வரை ஏறிக்கொள்ள வேண்டும். ஆறு பகடை, மூன்று கறுப்பு, மூன்று சிவப்பு. உருட்டிய பையன் துள்ளிக் குதித்தான்.

"அண்ணா, ரெண்டு பத்து! கிரிட்டிக்கல்!"

"ஒண்ணு சிவப்புடா தம்பி."

"அதனால?"

அதனால் டிரைவர் சம்மதித்தார். இவன் சிரித்த சிரிப்பில் எதையோ பார்த்துவிட்டு, சாவியை இவன் கையில் திணித்து, இருட்டில் இறங்கி ஓடியே போய்விட்டார். கேட்டது கிடைத்தது. பன்னிரண்டு சக்கர லாரி, உள்ளே டின் டின்னாக மாங்கூழ், கிழக்கே வெளுப்பு. பாத்திரத்தின் திறமைகளை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் டிரைவிங் பூஜ்யம். ஒரு பகடைக்கும் அடுத்த பகடைக்கும் நடுவில் மேசை மொத்தமும் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிசைந்தது. டி அண்ட் டி-யின் இருபதுமுகப் பகடையில் உச்சமான இருபது விழுந்தபோது எனக்கு இப்படி ஒரு காட்சி ஒருநாளும் கிடைத்ததில்லை.

பசியில் இன்னொரு கொடுமை, அது சும்மா இருந்தாலும் ஏறும். ஒவ்வொரு இரவும் கண்விழிப்பதற்கே ஒரு பகடை உருட்ட வேண்டும். 5-ம் அதற்குக் கீழும் விழுந்தால் பசி ஒன்று கூடும். அதைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரே வழி ஒரு மனிதனை முழுதாகக் குடித்துத் தீர்ப்பது. எனவே எதிரியே இல்லாத இரவிலும் கதை நடக்கும். நடத்துபவருக்கு இது பெரிய வசதி. ஆட்டக்காரருக்கு இது மெல்ல மெல்லக் கழுத்தை நெரிக்கும், ஆறாவது ஏழாவது அமர்வில்தான் உறைக்கும். புதியவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாவது வாரமே "சண்டை எப்பண்ணா வரும்?" என்று கேட்பார்கள்.

வேர்வுல்ஃபில் சண்டை தானாக வரும். அங்கே கோபமும் 0 முதல் 5 வரைதான், அதற்கும் தனிப் பகடை உண்டு. அந்தப் பகடைகளில் இரண்டு, 1 அல்லது 2 காட்டிவிட்டால் எடுத்த காரியம் கெடும், காரியமே அடிதடியாக இருந்தால் ஒழிய. அடிதடி என்றால் அதே பகடைகள் நாலு வெற்றியை அள்ளிக்கொடுக்கும். விதியே ஆட்டக்காரரின் காதில் "பேசாதே, அடி" என்று ஓதுகிறது. கோபம் பூஜ்யத்துக்கு இறங்கினால் ஓநாய் கைவிட்டுப் போய்விடும், உருமாற முடியாது. ஆக, ஆத்திரம் அதிகமானாலும் ஆபத்து, ஆறிப்போனாலும் ஆபத்து. நல்ல விதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசி அளவுக்கு இது நுணுக்கமில்லை. பசி கேட்பது "யாரை?" என்று. கோபம் கேட்பது "எப்போது?" என்று மட்டும்.

பாத்திரம் உருவாக்குவதில் ஓநாய் கையில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. பிறந்த நாளின் நிலாதான் அந்தப் பாத்திரத்தின் கடமையைத் தீர்மானிக்கும். அமாவாசையில் பிறந்தவன் ராகபாஷ், குறும்புக்காரன். பிறைக்குத் தியர்ஜ், ஆவிகளோடு பேசுபவன். அரைநிலாவுக்கு ஃபிலோடாக்ஸ், பஞ்சாயத்துக்காரன். முக்கால் நிலாவுக்குக் கேலியார்ட், கதைசொல்லி. பௌர்ணமிக்கு அஹ்ரூன், போர்வீரன். நம்மூரில் ஜாதகம் இல்லாத வீடு எது? "அம்மாகிட்ட உன் திதியைக் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டால் போதும். பென்னாகரத்திலிருந்து வரும் நண்பருக்கு அஷ்டமி என்று தெரிந்ததும், எங்கள் கூட்டத்துக்கு நாட்டாமை யார் என்ற பேச்சு முடிந்துபோனது. ஏழு குலங்களின் பெயரும் சாபமும் அடங்கிய வாம்பயர் பட்டியலைப் புதியவர் முன்னால் விரித்துவைத்தால் கொட்டாவிதான் வரும்.

ஊரைப் பொருத்துவதில் இரண்டுக்கும் இங்கே நல்ல விளைச்சல் உண்டு, ஆனால் வேறு வேறு நிலத்தில். ஓநாய்க்கு மேலகிரி மலை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடு. 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பக்கம்தான். ஓநாய்களின் பகை வெர்ம் என்ற சீரழிவுச் சக்தி. ஆலைக்கழிவும் சாக்கடையும் அதன் மூச்சு. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்த ஓசூர்க்காரருக்கு வெர்ம் பற்றி ஒரு பக்கம் விளக்கம் படித்துக்காட்ட வேண்டுமா என்ன? முதல் அமர்வை அங்கேதான் தொடங்கினேன், ஒரு கேள்விகூட வரவில்லை. அப்புறம், ஓநாயின் போர் உருவமான க்ரினோஸைப் பார்த்த மனிதர்கள் பித்துப்பிடித்து ஓடுவார்கள், பிறகு வேறு எதையோ பார்த்ததாக நம்பிக்கொள்வார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டம் துவம்சமாகிக் கிடந்தால், "ராத்திரி யானை வந்துடுச்சு" என்று ஊரே சொல்லிவிடும். இவ்வளவு சுத்தமான சாக்கு வேறெந்த ஊரில் கிடைக்கும்?

ஒரே எச்சரிக்கை: ஓநாய்க் குலங்களை இங்குள்ள இருளர் மீதோ சித்தேரி மலையாளிகள் மீதோ ஒட்டவைக்காதீர்கள். மூல ஆட்டமே அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்களை எடுத்து ஆடிப் பேச்சு வாங்கியது; புதிய பதிப்பில் சில பெயர்களை மாற்றவும் செய்தார்கள். மலைக்காரர் என்றால் பாதி மிருகம் என்ற நினைப்பு ஏற்கெனவே நிறையப் பேர் மண்டையில் இருக்கிறது. அதற்கு நாம் பகடை உருட்டிக் கொடுக்க வேண்டாம்.

வாம்பயருக்கு இங்கே மேய்ச்சல் நிலம் குறைவு. ஆட்டத்தின் பழைய கணக்குப்படி லட்சம் மனிதருக்கு ஒரு வாம்பயர். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டம் சுமார் 15 லட்சம், கிருஷ்ணகிரி சுமார் 19 லட்சம். இரண்டும் சேர்த்து முப்பத்து நாலு வாம்பயர் தேறும், அவ்வளவுதான். சென்னையிலோ பெங்களூரிலோ தெரியாத முகம் இருக்கும். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், யார் எந்தப் பக்கம் வேட்டையாடுகிறார்கள் என்பதும் தெரியும். முதலில் இதைக் குறையாகத்தான் நினைப்பீர்கள். ஆனால் அரசியல் சூடுபிடிப்பது இந்த நெருக்கத்தில்தான். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது முப்பத்து நாலு பேருக்குள்ளும் எல்லைத் தகராறு வந்திருக்கும் அல்லவா? தலைமை யாருக்கு, நெடுஞ்சாலை யாருக்கு? ஒரு கேம்பெய்னுக்கு, அதாவது பல அமர்வுகள் ஓடும் தொடர்கதைக்கு, இது போதும்.

இன்னொரு கதைக்கரு இங்கேயே கிடக்கிறது. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைப் புறநானூறு 91-ஆம் பாட்டு சொல்கிறது: "சாதல் நீங்க எமக்கீத் தனையே". தகடூர் என்பது இன்றைய தர்மபுரிதான். சாவை விலக்கும் கனி இருந்த ஊரில், அது கிடைக்காதவன் வேறு வழி தேடினால் என்ன ஆவான்? இதை எங்கள் மேசையின் மூத்த வாம்பயருக்குக் கொடுத்தேன்.

என் மனசுக்குப் பிடித்த பாத்திரம் வேறொன்று. தர்மபுரிக்கார நண்பர் ஒருவர் உருவாக்கியது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு இருநூறு வருடமாக வந்துகொண்டிருக்கும் வாம்பயர். விடிய விடிய விழித்திருக்கும் கூட்டம், அரைத்தூக்கத்தில் சாய்ந்து கிடக்கும் ஆட்கள், வேட்டைக்கு அதைவிட வசதி கிடையாது. அதற்காகத்தான் முதலில் வந்தான். பிறகு கூத்துக்காகவே வரத் தொடங்கிவிட்டான். அர்ச்சுனன் தபசை அத்தனை வாத்தியார் கையிலும் பார்த்திருக்கிறான். ஆனால் துரியோதனன் படுகளத்தை ஒரே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அது பகலில் நடப்பது. மண்ணில் படுக்கவைத்த அந்தப் பெரிய உருவத்தை மறுநாள் இரவு சிதைந்த மேடாகத்தான் பார்ப்பான். கதை எப்படி முடிந்தது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். இப்படி ஒரு ஆளை வேர்வுல்ஃப் ஷீட்டில் எழுதவே முடியாது. ஓநாய்க்குக் கூட்டம் உண்டு, மலை உண்டு, பகல் உண்டு.

மேசைப் பழக்கத்திலும் இதே பிரிவினைதான். ஓநாய்கள் ஒரே பேக்காக, ஒரே கூட்டமாக ஆடுவார்கள். ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் சமாளிப்பார்கள். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த ஓசூரில் இது சின்ன விஷயமில்லை. வாம்பயரில் ஆளுக்கொரு ரகசியம் இருக்கும், நடத்துபவரைத் தனியாகக் கூட்டிப்போய் மொட்டைமாடியில் பேசுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையே விற்பார்கள். முக்கியமான துரோகி அன்று பி ஷிஃப்ட் என்றால் அமர்வே படுத்துவிடும். துரோகத்தை ஆட்டத்தோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகத் தெரிந்தவர்களாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக, "ரெண்டையும் ஒண்ணா ஆடலாமே" என்று ஒருவர் கேட்பார். கூடாது. ஓநாய்களின் மூக்குக்கு வாம்பயரிடம் அடிப்பது வெர்ம் வாடை. முதல் சந்திப்பிலேயே கிழித்துப் போட்டுவிடும், விதிகளும் ஓநாய் பக்கம்தான் சாயும். வாம்பயர் கேம்பெய்னில் ஓநாயை நான் வைப்பது ஒரே இடத்தில்: அஞ்செட்டி சாலைக்கு அந்தப்பக்கம் யாரும் போகக்கூடாது என்று முப்பத்து நாலு பேரும் ஒத்துக்கொண்டிருப்பதற்குக் காரணமாக. அந்தச் சாலையை யாராவது தாண்டினால் கேரக்டர் ஷீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் புதியது எழுதத் தொடங்கலாம்.