அலை அசையாத பிரிட்டானியா: வெள்ளிக் காசு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லண்டனில் தனியாரிடம் வெள்ளிக் காசு வாங்குகிற நம்மவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கோ. நான் ஐந்து வாங்கினேன், ஐந்தும் போலி.

இங்கே புதிதாக வெள்ளி வாங்கினால் 20 வீதம் வாட் வரி. முதலீட்டுத் தங்கத்துக்கு அது இல்லை. அதனால்தான் என்னைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்ப்பவர்கள் கைமாறின காசாகத் தேடுவது. இணையத்தில் ஒருவர் 2021 பிரிட்டானியா (பிரித்தானிய அரச நாணயசாலை அடிக்கிற வெள்ளிக் காசு), ஒரு அவுன்ஸ், கடை விலையிலும் நாலு பவுண் குறைவு என்று போட்டிருந்தார். காந்தம் ஒட்டவில்லை என்பதற்கும் படம். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

அந்த வருடக் காசுக்கு ஒரு விசேஷம் உண்டு. சரித்துப் பிடித்தால் காசில் நிற்கிற பிரிட்டானியா என்ற பெண்ணுருவுக்குப் பின்னால் கடலலை அசையும். ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு. கொஞ்சம் திருப்பினால் அதே இடத்தில் திரிசூலம். மையுமில்லை, நிறமுமில்லை, நுண்ணிய கோடுகளில் வெளிச்சம் விழுகிற கோணம் செய்கிற வேலை. நான் நம்பி வாங்கியதோ நாலு நிழற்படத்தைப் பார்த்து. அதில் எந்த அலை அசையும்?

பார்சல் வந்த இரவே மேசை விளக்கின் கீழ் சரித்துப் பார்த்தேன். அலை வெறும் கோடாகக் கிடந்தது. பூட்டும் சூலமும் ஒன்றன்மேல் ஒன்று குழம்பி, எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே. சுற்றிவர லத்தீனில் ‘அலங்காரமும் பாதுகாப்பும்’ என்று பொடி எழுத்து இருக்கவேண்டும். பூதக்கண்ணாடியில் எறும்பு ஊர்ந்த தடம்தான் தெரிந்தது. நல்ல பாதுகாப்பு!

மறுநாள் ஈஸ்ட்ஹாமில் தெரிந்த நகைக்கடை அண்ணையிடம் கொண்டுபோனேன். விட்டம் அசல் மாதிரியே 38.6 மில்லிமீற்றர். தராசில் 26 கிராம், அசல் 31.21. விளிம்பில் அரத்தால் ஒரு இழுவை இழுத்தார், உள்ளே மஞ்சள்.

“உது வெள்ளியில்லைத் தம்பி, முலாம்.”

விற்றவரின் இணையக் கணக்கு இப்போது இல்லை. பணத்தை நேரே அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பியது என் மடத்தனம். வங்கியில் முறைப்பாடு போட்டிருக்கிறேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வீடியோ கேளுங்கோ: விளக்கின் கீழ் காசைச் சரிக்கவேண்டும், பக்கத்தில் உங்கள் பெயர் எழுதின துண்டு இருக்கவேண்டும். நேரில் போனால் பொக்கெட் தராசையும் கொண்டு போங்கோ. சாட்டுச் சொன்னால் திரும்பி வாங்கோ.

அரம் பட்டதோடு சேர்த்து ஐந்தும் அலுமாரியில் இருக்கிறது. பொலிஸ் கேட்டால் கொடுக்கவேண்டும்.