நெல்லின் வேரை மேம்படுத்த மூன்று வழிகள்: ஆக்சின், சைட்டோகைனின், எத்திலீன் – ஓர் ஒப்பீடு

நெல் விதையிலிருந்து முதலில் புறப்படும் வேர் இளநாற்றுப் பருவத்தில்தான் பெரிதும் பயன்படுகிறது. அதன்பின் தண்டின் அடிக்கணுக்களில் தோன்றும் வேர்களும் அவற்றின் பக்கவேர்களும் சேர்ந்த சல்லிவேர்த் தொகுதியே பயிரைத் தாங்குகிறது. இந்தக் கணுவேர்கள் எத்தனை தோன்றும், எவ்வளவு நீளும், எந்தக் கோணத்தில் இறங்கும் என்பவற்றில் ஆக்சின், சைட்டோகைனின், எத்திலீன் ஆகிய தாவர ஹார்மோன்களின் பங்கு பெரிது. எனவே வேரை மேம்படுத்த விரும்பும் பயிர்ப்பெருக்க ஆய்வாளர், ஆக்சினின் தூண்டுதலைப் பயன்படுத்தலாம். சைட்டோகைனினின் தடையைத் தளர்த்தலாம். அல்லது எத்திலீனைச் செடி உணராதபடி செய்யலாம்.

ஆக்சின் இல்லாமல் கணுவேர் இல்லை என்றே சொல்லலாம். 2005-இல் விவரிக்கப்பட்ட சிஆர்எல்1 என்னும் மரபணு ஆக்சினின் தூண்டுதலால் செயல்படுவது; அது பழுதுபட்ட நெற்செடிகளில் கணுவேர்கள் உருவாவதே இல்லை. ஆனாலும் ஆக்சினின் அளவைக் கூட்டுவது நல்ல வழியன்று. வேர் முளைப்பதை ஊக்குவிக்கும் அதே ஆக்சின், அளவு மிகும்போது வேர் நீள்வதைத் தடுத்துவிடுகிறது. அளவைத் தொடாமல், ஆக்சினின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஒரு மரபணுவைத் தேர்ந்துகொள்வதே பலன் தருகிறது. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரோ1 என்னும் வேர்க்கோண மரபணுவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பிலிப்பைன்ஸின் மேட்டுநில ரகமான கினான்டாங் பட்டோங்கிலிருந்து இந்த மரபணுவின் முழுமையான வடிவத்தை ஐஆர்64 ரகத்துக்குள் கொண்டுவந்தபோது, வேர்கள் செங்குத்தாக ஆழம் சென்றன. வறட்சியிலும் விளைச்சல் மேம்பட்டது.

சைட்டோகைனின் ஆக்சினுக்கு நேரெதிராகக் கணுவேர் தோன்றுவதை அடக்குகிறது. இவ்விரண்டையும் முற்றிலும் தனித்தனி வழிகளாகக் கருத இயலாது. ஏனெனில் ஆக்சினால் தூண்டப்படும் சிஆர்எல்5 மரபணு, சைட்டோகைனினின் குறிப்பை மட்டுப்படுத்துவதன் வாயிலாகவே கணுவேருக்கு வழிவிடுகிறது. சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதிக்குரிய ஓஎஸ்சிகேஎக்ஸ்4 மரபணுவை மிகையாகச் செயல்படுத்தினால் வேர்கள் பெருகுகின்றன. ஆனால் செடி முழுவதும் அவ்வாறு செய்தால் தண்டின் வளர்ச்சி குன்றும். கதிரில் தேவை நேர்மாறானது: அங்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓஎஸ்சிகேஎக்ஸ்2 குறைந்து சைட்டோகைனின் மிகும்போதுதான் நெல்மணிகளின் எண்ணிக்கை உயர்கிறது என்பது 2005-இலேயே நிறுவப்பட்டது. ஆகவே சிதைவு வேரில் மட்டும் நிகழுமாறு அமைத்தாலன்றி, வேரில் ஈட்டியதைக் கதிரில் இழக்க நேரும். அவ்வாறு அமைக்க மரபணு மாற்றம் தேவைப்படுவதால், இயல்பான கலப்பின முறையிலேயே ரகங்களுக்கு மாற்றத்தக்க டிரோ1 எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

எத்திலீனின் நிலைதான் மிகவும் சிக்கலானது. இறுகிய மண்ணில் வேர் நின்றுவிடுவதற்கு மண்ணின் கடினமே காரணம் என்று நெடுங்காலம் எண்ணினோம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. மண்துகள்களுக்கிடையே இடைவெளி குறையும்போது வேர் வெளியிடும் எத்திலீன் வாயு பரவிச் செல்ல முடியாமல் வேரைச் சுற்றியே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தையே வேர் ‘இதற்குமேல் செல்லாதே’ என்னும் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. எத்திலீனை உணராத நெற்செடிகளின் வேர்கள் அதே இறுகிய மண்ணை ஊடுருவிச் சென்றன. நெல்லில் இந்தத் தடை ஆக்சின், அப்சிசிக் அமிலம் என்னும் மற்றொரு ஹார்மோன் ஆகிய இரண்டின் வழியாகவும் செயல்படுகிறது: ஆக்சின் புறத்தோல் செல்கள் நீள்வதைத் தடுக்க, அப்சிசிக் அமிலம் புறத்தோலுக்கு உள்ளே அமைந்த புறணிச் செல்களைப் பருக்கச் செய்கிறது.

இவ்வளவு தெளிவான பலன் இருந்தும், வயல்நெல்லுக்கு இவ்வழியை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு ஆக்சிஜன் கொண்டுசெல்லும் காற்றறைத் திசு பெருகுவதற்கும், வெள்ளத்தில் கணுவேர் வெளிவர அதன்மேலுள்ள புறத்தோல் செல்கள் மடிந்து வழிவிடுவதற்கும் எத்திலீனே காரணம். அதை உணராத செடி, இறுகிய மேட்டுநிலத்தில் வென்றாலும் வெள்ளத்தில் தத்தளிக்கும்.

டிரோ1-க்கும் ஓர் எல்லை உண்டு. உவர் நிறைந்த, ஆக்சிஜன் குறைந்த வயலில் ஆழ்ந்த வேர் நன்மை தராது. அங்கு மேற்பரப்பை ஒட்டிப் படரும் வேர்களே பயிரைக் காக்கின்றன. டிரோ1-க்கு உறவான, ஆக்சினால் கட்டுப்படுத்தப்படும் கியூஎஸ்ஓஆர்1 மரபணுவின் செயலிழந்த வடிவம் அத்தகைய வேரைத் தருகிறது என்று 2020-இல் காட்டப்பட்டது. வேர்க்கோணத்தை நிலத்துக்கேற்ப ஆழமாகவோ மேலோட்டமாகவோ அமைத்துக்கொள்ளும் இந்த வாய்ப்பை மற்ற இரு வழிகளும் தருவதில்லை.