ஒரு நூல் தூக்கல்: நாலு கொலு பார்த்த பிளைவுட் பலகை

"மாப்ள, இந்தத் தடவை கொலுவுல ஒரு கிராமம் செட் பண்ணலாம்னு இருக்கேன், அடியில என்ன பலகை போட?" என்று நண்பன் போன வாரம் போன் பண்ணினான். கேட்ட நேரம் சரியில்லை. திருநகர் வீட்டு முற்றத்தில் ஆசாரி என் பலகையைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

என் கொலுப் பலகையில் இருப்பது ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் ரயில் போகிற மலை இடுக்கு. மதுரை–போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியோடு நின்றது. 2022-ல் தேனி வரை அகலப் பாதையில் ரயில் வந்தபோது ஊரே கொண்டாடியது. எனக்கோ அந்தப் பழைய சின்ன ரயிலை வீட்டிலாவது வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. 87-ல் ஒரு பங்கு அளவு, 12 மி.மீ. தண்டவாளம், நாலுக்கு ரெண்டு அடிப் பலகை. நாலடி என்றால் பெரிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் நிஜக் கணவாயில் 106 மீட்டர்தான் அடங்குகிறது. ஆகவே இரண்டு பக்கமும் பாறை, நடுவில் தண்டவாளம், ஒரே ஒரு பெட்டி.

பலகை 12 மி.மீ. பிளைவுட், 710 கிரேடு, தண்ணீர் தாங்குகிற ரகம். அதற்கு முன் எம்.டி.எஃப்.பில், அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகையில், ஒரு முயற்சி நடந்தது. மலைக்குக் குழைத்த பிளாஸ்டர் மாவுத் தண்ணீர் வெட்டின ஓரத்தில் இறங்கி, ஊறின ரஸ்க் மாதிரி உப்பியது. காய்ந்தால் இறங்கும் என்று காத்திருந்தேன். எம்.டி.எஃப். உப்பினால் உப்பினதுதான்.

பிளைவுட்டை நான் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். நாலு வருஷத்தில் ஒரு அடுக்கு பிரியவில்லை, கரையான் அண்டவில்லை, அடித்த ஸ்க்ரூ ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டாவது வருஷம் மச்சினன் பையன் மலை மேலேயே ஏறி உட்கார்ந்தான். மலை நசுங்கியது, அவன் டவுசர் வெள்ளையானது. பலகை முனகக்கூட இல்லை.

ஆனால் அந்த ஒரு நூல் இருக்கிறதே!

ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச், சுமாராக மூன்று மில்லிமீட்டர். உசிலம்பட்டிப் பக்க மூலை அவ்வளவுதான் தூக்கியது. கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும். நடுக் கணவாயில் நிறுத்திவிட்டுத் திரும்பினால், அது பாட்டுக்கு ஆண்டிபட்டியைப் பார்த்து நகர ஆரம்பிக்கும். சுண்டல் வாங்க வந்த அத்தை ஒருத்தர் "பேட்டரியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நாளும் சக்கரத்துக்கு அடியில் ஒரு தீக்குச்சி. விளாச்சேரிப் பொம்மைகள் எல்லாம் அதது இடத்தில் கம்பீரமாக நிற்க, என் ரயிலுக்கு மட்டும் முட்டுக்கட்டை.

இதில் எரிச்சல் என்னவென்றால், சித்திரை வெயிலில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பலகை கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நாலு மழை பெய்ததும், சரியாகக் கொலு நேரத்துக்கு மூலை எழுந்துகொள்ளும். நாலு வருஷமும் இதே கதை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆசாரி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "மேல சன்மைக்கா ஒட்டுனா அது இழுக்காம இருக்க அடியிலயும் ஒரு ஷீட், பேலன்ஸ் ஷீட்டுனு, ஒட்டுவோமா இல்லையா சார்?"

"ஒட்டுவீங்க."

"நீங்க மேல மாவு, பசை, பெயிண்ட்டுனு அத்தனையும் பூசிருக்கீங்க. அடியில என்ன பூசுனீங்க?"

ஒன்றும் பூசவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். மேல் முகம் மூடிக் கிடக்கிறது. கீழ் முகம் மட்டும் ஈரக் காற்றைக் குடித்து விரிகிறது. விரிகிற பக்கம் நீள, பலகை ஓரத்தைத் தூக்குகிறது. வேனிலில் அது காய்ந்து சுருங்க, மூலை இறங்குகிறது. 710 கிரேடு என்பது ஒட்டின பசை தண்ணீரில் விடாது என்பதற்கு. மரம் ஈரம் குடிக்காது என்பதற்கு இல்லை. தப்பு கடைக்காரர் மேல் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இரண்டாவது தப்பு, பலகைக்கு அடியில் இருந்த சட்டம். ரெண்டுக்கு ஒண்ணு இஞ்ச் ரீப்பர் கட்டையை நான் படுக்கப் போட்டு அடித்திருந்தேன், உயரம் குறையட்டும் என்று. "நிமித்தி வைங்க சார், படுக்க வெச்சா அதுவும் பலகையோட சேந்து வளையும்" என்றார். சரிதான். அதே கட்டையை நிமிர்த்தி வைத்தால் விறைப்பு நாலு மடங்கு. இப்போது நிமிர்த்திய சட்டம், குறுக்கே இரண்டு கட்டை, அடியில் இரண்டு கை எனாமல். ஆசாரி கூலி பலகை விலையில் பாதி.

நேற்று ராத்திரி பெட்டியை நடுவில் வைத்தேன். காலையிலும் அங்கேயே நின்றது. மச்சினன் பையன் வந்து பார்த்துவிட்டு, "ஏன் மாமா, ரயில் கெட்டுப்போச்சா?" என்கிறான்.

மாப்ள, இனி உனக்கு. பிளைவுட்டுக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். மறுபடி வாங்க மாட்டேன். மலையோடு சேர்த்து பதினைந்து கிலோ இருக்கும். பரணிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும், அதில் ஒரு ஆள் என் மனைவி, அந்தப் பத்து நிமிஷம் நான் கேட்கிற பேச்சுக்கு எந்தப் பலகையும் ஈடில்லை. உன் கிராமத்துக்கு ஓடுகிற பெட்டி கிடையாது, இருக்கப்போவதும் ஒன்பது நாள். ரெண்டு இஞ்ச் தெர்மாகோல் வாங்கி, ரீப்பர் சட்டத்துக்குள் பதித்துவிடு. ஃபெவிகால் போடலாம். ஸ்ப்ரே பெயிண்ட்டை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதே, தெர்மாகோலைக் கரைத்து, கிராமத்து நடுவில் கிணறு தோண்டிவிடும்.