புளிக்குழம்புக்கு எந்தப் பாத்திரம்?

பாத்திரம் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் நான்-ஸ்டிக் தவாவைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறார்கள். அதற்கு முன்பே வெளியேற வேண்டியது புளிக்குழம்பு கொதிக்கும் அலுமினியச் சட்டி. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் புளியின் டார்டாரிக் அமிலம் கரைத்துவிடும். கழுவியபின் உட்புறத்தைப் பாருங்கள்: குழம்பு நின்ற உயரம் வரை மட்டும் வெளுத்துப் பளிச்சென்றிருக்கும். இரவு முழுக்க அதிலேயே வைத்தால் இன்னும் மோசம். இண்டாலியமும் அலுமினியக் கலவைதான். இறக்குமதியான அத்தகைய சில பாத்திரங்களிலிருந்து காரீயம் என்ற நச்சு உலோகம் உணவில் இறங்குவதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இரும்புச்சட்டி தோசைக்கும் வறுவலுக்கும் அருமை, புளிக்கு ஆகாது. பழக்கிய எண்ணெய்ப் படலம் உரிந்து, குழம்பு கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

மண்சட்டிதான் சுவைக்கு முதலிடம், பராமரிப்பும் அதற்குத்தான் அதிகம். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். சாயம் ஒட்டினாலோ கண்ணாடிபோல் மினுங்கினாலோ வேண்டாம், பூச்சில் காரீயம் இருக்கலாம். புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரிலும், மூன்று நாள் தினமும் மாற்றிய அரிசி கழுநீரிலும் ஊற வைத்து, சிறுதீயில் கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டுப் புழங்குங்கள். எடுத்தவுடன் பெருந்தீ வைத்தாலும், சுடும் சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சில நிமிடம் தளதளவென்று கொதிக்கும். அதனால் சற்று நீர்க்க இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். சோப்பு போடாதீர்கள். மண் அதைக் குடித்து அடுத்த குழம்பில் கக்கும். கடலை மாவும் தேங்காய் நாரும் போதும். வெயிலில் நன்றாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

அன்றாட அவசரத்துக்கு மூன்றடுக்கு எவர்சில்வர்தான் எங்கள் தேர்வு. இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவிலுள்ள அலுமினியம் உணவைத் தொடாது, எளிதில் அடியும் பிடிக்காது. உட்புறம் அரிப்பைத் தாங்கும் 304 ரக எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்ற சோதனையை நம்ப வேண்டாம்: மட்டமான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, இண்டக்‌ஷனுக்கான நல்ல பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டும். தண்ணீர் கொதித்த பிறகே உப்புப் போடுங்கள். குளிர்ந்த நீரில் கரையாமல் அடியில் கிடக்கும் உப்பு புள்ளி புள்ளியாக அரிக்கும்.

மீந்த குழம்புக்குக் கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பா. பிளாஸ்டிக்கில் எண்ணெயும் மஞ்சளும் ஊறிவிடும். அந்தக் கறை கழுவினாலும் போகாது. கண்ணாடியானால் குழம்பு ஆறியபின் ஊற்றுங்கள்; ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே அடுப்பில் வைத்தால் வெடிக்கும்.