பழைய ரெகுலேட்டர்: பிஸ்டனா, டயாஃப்ரமா?

நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்கூபா ரெகுலேட்டர் பழையதாகக் கைக்கு வந்தால், அதன் முதல் நிலையை, அதாவது காற்றுக் கலனில் பூட்டப்பட்டு அதன் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் பகுதியைத்தான் பார்ப்பேன். அதன் உடலைச் சுற்றியுள்ள துளைகளின் வழியே சுருள்வில் தெரிந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் (முன்பின் நகரும் தண்டு) வகை. ஒரு முனையில் திருகு வளையமும் அதன் நடுவே அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகும் இருந்தால் டயாஃப்ரம் (வளையும் ரப்பர் தகடு) வகை.

பிஸ்டனில் பாகங்கள் குறைவு என்பதால் பிரித்துப் பூட்டுவது எளிது. ஆனால் கடல்நீர் உள்ளே புகுந்து உப்புப் படியும், பிஸ்டன் தண்டின் கூர்விளிம்பில் மயிரிழை அளவுக் கீறல் விழுந்தாலும் இடைநிலை அழுத்தம் (முதல் நிலையிலிருந்து வெளிவரும் காற்றின் அழுத்தம்) வழக்கமான 9–10 பாரில் நிற்காமல், அளவுமானியில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். டயாஃப்ரம் வகையில் ரப்பர் தகடு நீரைத் தடுத்துவிடுகிறது. ஆயினும் பாகங்கள் அதிகம், ரப்பரும் காலப்போக்கில் விறைத்துப்போகும்.

வால்வு சீட் (கூர்விளிம்பு அழுந்திக் காற்றை அடைக்கும் பாகம்) புதிதாகக் கிடைக்குமானால் என் தேர்வு பிஸ்டனே. உறையும் குளிர்நீருக்கு மட்டும், நீர் புகாதபடி மூடப்பட்ட டயாஃப்ரமையே நம்புவேன்.