ஆலியா பட்: முதலில் ஹைவேயா, ராஸியா?

இந்தி நடிகை ஆலியா பட் நடிப்பை முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டு படங்களுக்கு நடுவில்தான் தயங்குகிறார்கள். 2012-ல் ஸ்டூடண்ட் ஆஃப் தி இயரில் அறிமுகமானபோது, இயக்குநர் மகேஷ் பட் மகள் என்பதைத் தாண்டி அவரைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. அதை மாற்றியவற்றில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

கதை
ஹைவே (2014): கல்யாணத்துக்கு முன் கடத்தப்படும் பணக்காரப் பெண் வீரா. இயக்கம் இம்தியாஸ் அலி.
ராஸி (2018): 1971 போர்க்காலத்தில் பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகும் உளவாளி செஹ்மத். இயக்கம் மேக்னா குல்சார்.

நடிப்பு
ஹைவே: சின்ன வயதில் தனக்கு நடந்த கொடுமையை வீரா மூச்சுத் திணறச் சொல்லும் காட்சி ஒன்று போதும். அப்போது ஆலியாவுக்கு இருபது வயதுதான். எனக்கு இன்றும் அதுதான் அவருடைய உச்சம்.
ராஸி: பயத்தை முகத்தில் காட்டாமல் கண்ணில் மட்டும் வைத்திருப்பார். அம்மாவாக வருவது நிஜ அம்மா சோனி ராஸ்தான்.

வேகம்
ஹைவே: மெதுவான பயணம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை.
ராஸி: நொடிக்கு நொடி பதற்றம்.

விருது
ஹைவே: ஃபிலிம்ஃபேர் விமர்சகர் விருது.
ராஸி: ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை.

குடும்பத்தோடு உட்கார்ந்து, கதை விறுவிறுவென்று போக வேண்டுமென்றால் ராஸி. தனியாக, அவசரமில்லாத ஓர் இரவில் ஒரு நடிகை உருவாவதைப் பார்க்க ஹைவே. சரி, இரண்டும் பிடித்துவிட்டால் அப்புறம் தேசிய விருது வாங்கித் தந்த கங்குபாய் காத்தியாவாடிக்குப் போங்கள்.