‘ஸ்கூபா சூட்’ என்று விற்றார்கள், சுடிதார் துணியாக இருந்தது

சேலத்துக்காரன் கடலுக்குள் முங்கப் போகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். ஆனாலும் நாற்பத்திரண்டு வயதில் ஆசை வந்துவிட்டது. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் தீவு) ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்குவது) பழக பிப்ரவரிக்குப் பணம் கட்டினேன். கட்டிய கையோடு இங்கேயே ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நான் கேட்டது இதுதான்: உடம்புச் சூடு போகாமல் இருக்க வேண்டும், ஆனால் லேசாக இருக்க வேண்டும், அங்கே கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்குமாம். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. கறுப்பில் நீலக் கோடு போட்ட முழு சூட் ஒன்றை எடுத்துப் போட்டான். “இது ஸ்கூபா மெட்டீரியலுங்கண்ணா. டைவிங் போறவங்க எல்லாம் இதத்தான் வாங்குறாங்க.” அட்டையிலும் ஸ்கூபா என்றே போட்டிருந்தது. விலை 4,200. அப்புறம், “உள்ள ஒரு தெர்மல் போட்டுக்குங்கண்ணா, டிசம்பர் மாச ஏற்காட்டுக்கே தாங்கும்” என்று 950 ரூபாய்க்கு ஒரு இன்னர் செட்டையும் தலையில் கட்டினான்.

நான் அம்மாபேட்டைத் தறிக்கார வீட்டுப் பிள்ளை. துணியைத் தடவிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். இதையும் தடவினேன். கனமாக, வழவழவென்று இருந்தது, இழுத்துவிட்டால் பழையபடி மீண்டது. நல்ல சரக்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்தத் திமிர் இல்லாவிட்டால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஹேவ்லாக்கில் டைவிங் மையத்துக்காரர்கள் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சூட் தருகிறோம் என்றார்கள். என்னிடமே இருக்கிறது என்று பெருமையாக மறுத்தேன். பயிற்சியாளர் என் கையைப் பிடித்து சூட்டை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். “சரி, குளிர்ந்தா உடனே சிக்னல் காட்டுங்க” என்றார். அவர் முகம் சரியில்லை, நான்தான் கவனிக்கவில்லை.

முதல் டைவ் எப்படியோ போய்விட்டது. மேலே வந்து படகில் உட்கார்ந்தபோதுதான் ஆரம்பித்தது. தெர்மல் இன்னர் நனைந்த துண்டு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது, அதன் மேல் கடல் காற்று. பல் தந்தியடித்தது. இரண்டாவது டைவில் இருபதாவது நிமிடமே நடுக்கம். நடுங்கினால் மூச்சு வேகமாகிறது, மூச்சு வேகமானால் சிலிண்டர் காலியாகிறது. கூட வந்தவர் சிலிண்டரில் காற்றழுத்தம் 120 பார் இருக்கும்போது என்னுடையதில் 80தான். இரண்டு கையையும் குறுக்கே கட்டித் தோளைத் தேய்த்துக் காட்டினேன். எல்லாரையும் பாதியில் மேலே ஏற்றினார்கள். அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

தண்ணீர் அன்று 28 டிகிரி. சேலத்தில் அது ஃபேனைக் குறைக்கச் சொல்லும் விடிகாலை. ஆனால் உடம்பு 37 டிகிரி, தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தால் நடுங்குவதற்கு 28 டிகிரியே போதும். ஏற்காட்டு ஸ்வெட்டர் காப்பது நூலிடுக்கில் நிற்கும் காற்றால். கடலில் அந்தக் காற்று இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வந்துவிடும்.

ஊர் திரும்பியதும் திருப்பூரில் பனியன் துணி வியாபாரம் செய்யும் மச்சானிடம் சூட்டைக் காட்டினேன். கையில் வாங்கியதுமே சிரித்தார். “மாப்ள, இது ஸ்கூபாதான். ஆனா துணிக்குப் பேருதான் ஸ்கூபா. சுடிதார் டாப்பு, ஃப்ராக்குக்குப் போடறது.” பாலியஸ்டரோடு கொஞ்சம் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுவை நூல் சேர்த்து இரட்டைப் பின்னலாகப் பின்னுவார்களாம். தொட்டால் டைவிங் சூட் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பையன் பொய்யே சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டாலும் டைவிங்குக்கு என்று சொல்லித்தானே விற்றான்?

உண்மையான நியோப்ரீன் வேறு. அது ரப்பர் நுரை, உள்ளே மூடிய குமிழ்கள், அந்தக் குமிழ்கள்தான் உடம்புச் சூட்டைக் காக்கின்றன. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய் மெல்ல எழும்பி வரும். ஓரத்தைப் பார்த்தால் இரண்டு துணிக்கு நடுவே கறுப்பு ரப்பர் நுரை தெரியும். பக்கெட் தண்ணீரில் முக்கினால் கையை மீறி மிதக்கும். என்னுடையது நனைந்து அடியில் போய் உட்கார்ந்தது. இந்தச் சோதனையை வாங்கும் முன்பே கடையில் செய்யச் சொல்லியிருக்கலாம். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதாத சூட்டைத் தொடவே தொடாதீர்கள்.

லேசாகத்தான் வேண்டும் என்றால் உட்புறம் மெல்லிய ஃப்ளீஸும் வெளியே காற்றுப் புகாத இழுவைத் துணியும் வைத்த சூட்டுகள் உண்டு. ஆழம் போகப்போக நியோப்ரீன் குமிழ் நசுங்கி மெலியும், இவை அப்படி மெலியாது. மிதப்பும் குறைவு, அதனால் இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டாம். வெறும் லைக்ரா ரேஷ் கார்டு (உடம்போடு ஒட்டும் மெல்லிய சட்டை) வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் மட்டும்தான், உடம்புச் சூட்டைக் காக்காது. எதுவானாலும் உடம்போடு ஒட்ட வேண்டும். முதுகுப் பள்ளத்தில் தொளதொளவென்று நின்றால் அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஹேவ்லாக்கில் நடுங்கிய நாளுக்கு மறுநாள் மையத்தின் 3 மில்லிமீட்டர் சூட்டில் போனேன், ஐம்பது நிமிடம் நடுங்கவே இல்லை. ஒல்லியான ஆளும், ஒரே நாளில் மூன்று டைவ் போகிற ஆளும் இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போடலாம்.

கடைக்குத் திரும்பப் போனேன். “நனைஞ்ச பொருளத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்றார் முதலாளி. பில்லில் ‘ஸ்போர்ட்ஸ் ஐட்டம் – 2’ என்று மட்டும் இருக்கிறது, மில்லிமீட்டரும் இல்லை, துணிப் பெயரும் இல்லை. அது என் தப்பு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வெளியே வரும்போது பார்த்தேன். அதே நீலக் கோடு சூட் இன்னும் இரண்டு தொங்குகின்றன.